கிளெண்டா ஆஷ்வொர்த் வரிசையில் இருக்கிறார்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு கிளெண்டா ஆஷ்வொர்த் கைபேசியை ரொட்டி டப்பாவின் மேல் சாய்த்து வைப்பார். ஒலியைக் கூட்டிவிட்டு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்துவிடுவார். தடித்த ரப்பர் பிடி போட்ட சீவி அது. சாதாரணப் பிடி அவர் விரல்களுக்குள் நிற்காது. கைபேசியில் புல்லாங்குழல் ஓடும். நாற்பது விநாடிக்கு ஒருமுறை தடுக்கி விழுந்து, முதலிலிருந்து எழுந்து வரும். நடுவே ஒரு பெண்குரல் அவருடைய அழைப்பைத் தாங்கள் பெரிதும் மதிப்பதாகச் சொல்லும். மூன்று கிழங்குக்கு ஒரு மதிப்பு என்ற விகிதத்தில் அந்த மரியாதை வந்துகொண்டே இருக்கும். மதிப்பு அதிகமான வாரங்களில் கிளெண்டா வீட்டில் மூன்று நாளைக்கு உருளைக்கிழங்குதான்.

பிறகு தீர்ப்பாய அலுவலகத்திலிருந்து ஒரு மனிதக் குரல் வரும்.

"உங்க மேல்முறையீடு வரிசையில இருக்கு மேடம்."

"எத்தனாவது ஆளு நானு?"

"அத எங்களால பாக்க முடியாதுங்க மேடம்."

"எனக்கு முன்னால யாராச்சும் நிக்கிறாங்களா? இல்ல நான் மட்டும் தனியா நின்னுக்கிட்டு வரிசைன்னு நெனச்சிட்டிருக்கேனா?"

"வரிசையில இருக்கீங்க மேடம்."

"சந்தோஷம் கண்ணு. அடுத்த செவ்வாக்கிழமை பேசுவோம். அம்மாவக் கேட்டேன்னு சொல்லு."

அந்தப் பெண்ணின் அம்மாவை கிளெண்டாவுக்குத் தெரியாது. இத்தனை மாதப் பழக்கத்துக்குப் பிறகு குடும்பத்தை விசாரிக்காமல் போனை வைப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை, அவ்வளவுதான்.

பர்ன்லியில் இருபத்தாறு வருஷம் மாடி பஸ் ஓட்டியவர் கிளெண்டா. அந்த வேலையில் நான்கு நிமிடம் தாமதமானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேட்டுச் சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தன என்று ஒருமுறை எழுதியதற்கு, எத்தனை ஆடுகள் என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழு என்று பதில் எழுதினார். அப்படி வளர்ந்தவர். ஆகவே, ஒரு மனுவைக் கையில் எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, காரணம் என்று ஒரு வரிகூட எழுதாத தீர்ப்பாயத்தைக் கண்டபோது அவருக்குக் கோபத்துக்கு முன்னால் தொழில்முறை வியப்புதான் வந்தது. "யாருப்பா இவங்க டிப்போ மேனேஜர்? ஒரு தடவ பாத்துக் கும்புடணும்" என்றார்.

விஷயம் ஆரம்பித்தது அவருடைய மூட்டுகளில். முடக்குவாதம் முதலில் விரல்களைப் பிடித்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு இடுப்பு. ஐம்பத்து மூன்றாம் வயதில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அரசு அவருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கொடுத்தது. அந்தத் திட்டத்தில் ஒரு காரும் வந்தது: ஸ்டீரிங்கில் குமிழ் வைத்து, உள்ளங்கையாலேயே சுழற்றும்படி மாற்றிய சின்ன நீலக் கார். எட்டு வருஷம் அதில் போய்வந்தார். பிறகு உதவித்தொகை இலாகா, அவர் இன்னும் நோயாளியாகத்தான் இருக்கிறாரா என்று பார்த்துவர ஒருவரை அனுப்பியது. மூட்டுவாதம் திருந்திவிடும் வாய்ப்பை அவர்கள் கைவிடுவதில்லை.

வந்தவர் நல்ல பிள்ளை. தேநீர் குடித்தார். நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். பிறகு அறிக்கை வந்தது. விண்ணப்பதாரர் புன்னகைத்தார் என்று அதில் இருந்தது. விண்ணப்பதாரர் கைப்பையை மடியில் வைத்திருந்தார். விண்ணப்பதாரர் தன் உடல்நிலையைப் பற்றித் தெளிவாகப் பேசினார். ஆகவே உடல்நிலையில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சிகரமாக, விண்ணப்பதாரர் கார் ஓட்டுகிறார். ஆகவே நடமாட்டத்தில் சிரமமில்லை. ஆகவே கார் தேவையில்லை. மதிப்பெண்: சுழி. உதவித்தொகை நின்றது.

பக்கத்து வீட்டு ருக்சானா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காகிதங்களைக் கண்டு பயப்படாத பெண். அவள்தான் அறிக்கையை உரக்கப் படித்தாள்.

"ஆன்ட்டி, அவன் முன்னாடி எதுக்கு சிரிச்சீங்க?"

"வீட்டுக்கு வந்தவன பாத்து மொறைக்கவா சொல்ற?"

"இனிமே யாரு வந்தாலும் அழுதுக்கிட்டே கதவத் திறங்க. தபால்காரரா இருந்தாலும் சரி."

முதலில் மறுபரிசீலனை கேட்க வேண்டும் என்பது விதி. அதாவது தப்பாகச் சொன்னவர்களிடமே போய், தப்பாகச் சொன்னீர்களா என்று கேட்க வேண்டும். இலாகா பதினோரு வாரம் தன் மனசாட்சியோடு போராடி, இல்லை என்று பதில் எழுதியது. அதன்பிறகுதான் தீர்ப்பாயம். அதற்குள் காரைக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டான். அதற்கு மட்டும் எந்த வரிசையும் இல்லை. சொன்ன தேதியில், சொன்ன மணிக்கு, நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து நின்றான். கிளெண்டா மணி பார்த்துத் தலையாட்டினார். "ஒழுங்கான டிரைவர்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் பின்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காரில் அவர் போனது கடைக்கோ கடற்கரைக்கோ அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்கிப்டனில் ஒரு காப்பகத்தில் அவருடைய தம்பி கீத் இருக்கிறார். பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், வயது ஐம்பத்தைந்து. சனிக்கிழமை பதினொரு மணிக்கு கிளெண்டா போய்ச் சேருவார். இருவரும் காரிலேயே உட்கார்ந்து, 'பை' என்கிற இறைச்சிப் பணியாரம் சாப்பிடுவார்கள். கீத் ஜன்னலுக்கு வெளியே போகும் லாரிகளின் நிறத்தைச் சொல்லுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி, எட்டு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. கார் போனபின் இரண்டு பஸ் மாறி, ஒரு மேடு ஏற வேண்டும். முதல் தடவை மேட்டின் பாதியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. முள்வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியாகப் பால் வண்டி வரும்வரை அப்படியே நிற்க வேண்டியிருந்தது. அதன்பிறகு ருக்சானாவுக்கு விடுமுறை கிடைத்த சனிக்கிழமைகளில் மட்டும் போனார். பதினான்கு மாதத்தில் ஐந்து முறை.

காப்பகத்திலிருந்து கீத் போனில் கேட்பார்: "கிளெண்டாவுக்கு என்மேல கோவமா?"

"இல்லடா ராஜா. காரு ரிப்பேரு."

"இன்னுமா?"

"பெரிய ரிப்பேரு."

தீர்ப்பாயத்தைப் பற்றி கீத்துக்கு எப்படி விளக்குவது என்று கிளெண்டாவுக்குத் தெரியவில்லை. புத்தி முழுசாக இருக்கும் யாருக்குமே அதை விளக்கிவிட முடியும் என்று அவர் நம்பவில்லை.

பத்தாவது மாதம் ஒரு பொட்டலம் வந்தது. வழக்கின் ஆவணக்கட்டு: நூற்று எண்பத்தெட்டுப் பக்கம். இலாகாவின் அறிக்கை, கிளெண்டாவின் பதில்கள், மருத்துவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு அனுப்பியிருந்தார்கள். கிளெண்டா கால அட்டவணை படித்துப் பழகியவர். ஒரு பக்கம் விடாமல் படித்தார். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் தான் ஒரு கப்பல் பட்டறை வெல்டர் என்று தெரிந்துகொண்டார். அடுத்த பக்கத்தில் அவருக்கு நுரையீரல் பாதிக்குமேல் போயிருந்தது. அதற்கடுத்த பக்கத்தில், கழிப்பறையில் யார் உதவி தேவை, எத்தனை தடவை, எதற்காக என்று நடுங்கும் கையெழுத்தில் ஒரு மனிதர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். பன்னிரண்டு பக்கம். பெயர் நெவில் கார்ட்மெல். ஊர் பாரோ. தொலைபேசி எண்ணும் இருந்தது.

ஆனால் கிளெண்டாவின் மூட்டு மருத்துவர் எழுதிய கடிதத்தைக் காணோம். அந்தக் கடிதம்தான் வழக்கே. அடுத்த செவ்வாய்க்கிழமை புல்லாங்குழல் ஓய்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். அன்று கிடைத்தது ஓர் இளைஞன்.

"வேற ஒருத்தரோட தாள்கள நீங்க படிக்கக் கூடாதுங்க மேடம்."

"எம்பேரு போட்டு அனுப்பினா படிக்காம என்ன செய்யறது? சரி, இப்ப என்ன பண்ணட்டும்?"

"கிழிச்சிப் போட்டுடுங்க. நாங்க விசாரிச்சி எட்டு வாரத்துல பதில் போடுவோம்."

கிளெண்டா கிழிக்கவில்லை. ஒரு மனிதன் தன் கழிப்பறை ரகசியத்தை அத்தனை சிரமப்பட்டு எழுதியிருக்கிறான், அதைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. அன்று மத்தியானமே பாரோவுக்கு போன் போட்டார்.

"மிஸ்டர் கார்ட்மெல்? என்னத் தெரியாது உங்களுக்கு. உங்க பன்னெண்டு பக்கம் எங்கிட்ட இருக்கு."

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நெவில் சற்று இளைப்பாறுவார்.

"எந்தப் பக்கம்?"

"கழிப்பறை எல்லாம்."

"ஓ. படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

"பரவால்ல. ஒருத்தராச்சும் படிச்சீங்களே." மூச்சு. "நீங்க பஸ் டிரைவரா?"

"அது எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்த கட்டுல நான் பஸ் ஓட்டறேன். கர்ப்பப்பையும் எடுத்திருக்கு எனக்கு. எங்க டாக்டர்கிட்ட கேட்டேன். அப்படி எதுவும் ஞாபகமில்லன்னு சொல்லிட்டாரு."

அன்று கிளெண்டா சிரித்த சிரிப்பில் ருக்சானா சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். புன்னகைத்தால் மதிப்பெண் போய்விடும் என்று நினைவுபடுத்தினாள். மறுநாள் அவளே தபால் நிலையத்துக்குப் போய் நெவிலின் தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பாரோவிலிருந்து கிளெண்டாவின் மருத்துவர் கடிதம் வந்து சேர்ந்தது. இருவரும் நகல் எடுத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவைத்தார்கள். எட்டு வாரத்தில் வருவதாகச் சொன்ன விசாரணைப் பதில் இதுவரை வரவில்லை. அதுவும் எங்கேயோ வரிசையில் இருக்கும்.

அதிலிருந்து வாரம் இரண்டு போன். நெவில் கிளெண்டாவை "டிரைவரம்மா" என்பார். மேல்முறையீட்டில் அவர்தான் மூத்தவர். கிளெண்டாவுக்கு ஏழு வாரம் முன்னால் மனுப் போட்டவர். மனைவி இறந்தபின் தனி ஆள். உதவித்தொகை நின்றபின் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் பெண்ணை நிறுத்திவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிப்பதாகவும், அன்றைக்கு மட்டும் கனவான் என்றும் சொன்னார்.

"நெவில், உங்களுக்கு முன்ன என்னக் கூப்ட்டா என்ன செய்யறது?"

"போயிட்டு வாங்க டிரைவரம்மா. எனக்கென்ன அவசரம்?" மூச்சு. "நுரையீரல் வளர்ந்து வரட்டும்னு காத்திருக்காங்க போல."

அப்படியேதான் நடந்தது. கிளெண்டாவுக்குத் தேதி வந்தது. ஏழு வாரம் மூத்தவருக்கு வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாராவது அப்படி இடித்துக்கொண்டு முன்னால் ஏறியிருந்தால் கிளெண்டா கீழே இறக்கிவிட்டிருப்பார். இதில் இடித்தது யார் என்றே தெரியவில்லை.

தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் இலாகாவிலிருந்து போன் வந்தது. அவர்களாகவே கூப்பிட்டார்கள். புல்லாங்குழல் இல்லை, வரிசை இல்லை. பதின்மூன்று மாதமாக யாருக்கும் கிடைக்காத இலாகாவுக்கு அன்று கிளெண்டாவின் எண் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. பேசியவர் குரலில் வெண்ணெய் உருகியது.

"உங்க ஃபைல இன்னொரு தடவ பாத்தோங்க மேடம். சின்ன அளவு உதவித்தொகை குடுக்கலாம்னு தோணுது. ஒத்துக்கிட்டீங்கன்னா, தீர்ப்பாயத்துக்கெல்லாம் அலைய வேண்டாம். இன்னியோட முடிஞ்சிடும்."

"அதுல காரு வருமா?"

"காரு வராதுங்க. அது பெரிய அளவுக்குத்தான்."

கிளெண்டா கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"உள்ள போனா சுழியே நிக்கவும் வாய்ப்பிருக்கு மேடம். யோசிச்சிக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த நிமிடம் கிளெண்டா பயந்துவிட்டார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு அறையில்தான் ஹீட்டர் போட்டிருந்தார். இடுப்பு வலியில் மாடிப்படி ஏறாமல் சோபாவில் தூங்கினார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சுவரில் ருக்சானாவின் மருந்துக்கடை காலண்டர் தொங்கியது. அதில் எல்லாச் சனிக்கிழமைகளையும் பார்த்தார்.

"தம்பி, நான் இருவத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். டிக்கெட் வாங்கின ஆள நாலு ஸ்டாப் முன்னாடியே இறக்கிவிட்டுட்டு, மீதிய நடந்துபோன்னு ஒருநாளும் சொன்னதில்ல. நான் உள்ளயே வரேன்."

போனை வைத்ததும் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினார். ருக்சானாவைக் கூப்பிட்டு, தப்புப் பண்ணிட்டேனா என்று கேட்டார். "தெரியல ஆன்ட்டி" என்றாள் ருக்சானா. அவள் பொய் சொல்லமாட்டாள். ஒரு தட்டு நிறைய பக்கோடா போட்டு எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து கட்டின் பக்கங்களில் வண்ண ஒட்டுத்தாள் வைக்க ஆரம்பித்தாள்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள். இலாகாவின் சார்பில் யாரும் வரவில்லை. ஒன்பது நாள் முன்பு லைனிலேயே இருந்தவர் அன்று லைனில் இல்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கையை மேசையில் வைக்கிறீர்களா?" கிளெண்டா வைத்தார். மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலி அம்மாள், வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை எத்தனை தடவை நிற்பீர்கள் என்று கேட்டார். கிளெண்டா நிறுத்தங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்பித்தார்: தபால் பெட்டி, பிரின்டிலின் மதில், சர்ச் கேட், விளக்குக் கம்பம். அவற்றில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும் நிமிடக் கணக்கில் சொன்னார். அறிக்கையில் அவர் புன்னகைத்தது பற்றி யாரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடம் விசாரணை. எட்டு நிமிடம் வெளியே காத்திருப்பு. ஆக, அரை மணி நேர வேலை. பெரிய அளவே கிடைத்தது, காரும் உண்டு. அரை மணி வேலையைத் தொடங்க எதற்குப் பதினான்கு மாதம் என்று கேட்க ருக்சானா வாயைத் திறந்தாள். கிளெண்டா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "கேக்காதடி. திரும்பவும் பரிசீலிக்கப் போறாங்க."

கார் வர இன்னும் ஏழு வாரம் ஆனது. இம்முறை சாம்பல் நிறம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கிப்டன் வாசலில் நின்றது. கீத் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ரிப்பேர்ல கலரும் போயிடுச்சா?"

"போயிடுச்சிடா ராஜா."

கீத் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பணியாரத்தைச் சாப்பிட்டு முடித்தபின்னும் இறங்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் காப்பகத்துப் பெண் வந்து கெஞ்சியும் இறங்கவில்லை. இறங்கினால் வண்டி மறுபடி ரிப்பேராகிவிடும் என்றார்.

நெவிலுக்கு வசந்தம் முடியும்போது தேதி வந்தது. பதினெட்டு மாதம். அவரால் ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாத கட்டம். ருக்சானாவுக்கு வேலை, கிளெண்டா தனியாகவே பாரோவரை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்திக் கையைப் பிசைந்துகொண்டார். கதவைத் திறந்த நெவில் ஆக்சிஜன் குழாயும், இஸ்திரி போட்ட சட்டையுமாக நின்றார். வியாழக்கிழமையானாலும் குளித்திருந்தார்.

"உயரமா..." மூச்சு. "இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"உக்காந்து ஓட்டற வேல, நெவில்."

அன்று நெவில் ஜெயித்தார் என்பதையும், அதற்குப் பதினாறு நிமிடம்தான் பிடித்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மறு திங்கட்கிழமையே குளிப்பாட்டும் பெண்ணைத் திரும்ப வரச்சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே போவதற்கு முன் விசாரணை அறை வாசலில் ஒரு சின்ன வேலை இருந்தது. எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். உடன் வருகிறவர் தன் பெயரையும் உறவையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க இவருக்கு என்ன வேணும் மேடம்?"

"நூத்தி முப்பத்தொண்ணுல இருந்து நூத்தி நாப்பத்திரெண்டு வரைக்கும்" என்றார் கிளெண்டா.

நெவில் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. எழுத்தருக்கு எதுவும் புரியவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் வேணா எழுதிடட்டுமா மேடம்? உள்ள மூணு பேரும் காத்துக்கிட்டிருக்காங்க."

கிளெண்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வண்டி ஓட்டப் போட்டிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். மடித்து மேசை ஓரத்தில் வைத்தார். பேனாவை முஷ்டிக்குள் செருகிக்கொண்டு, தன் முழுப்பெயரின் முதல் எழுத்தை, வளைவு கெடாமல், நிதானமாக வரைய ஆரம்பித்தார்.